கணினி கேள்வி–பதில்: பில்லிங் மென்பொருளுக்கு டபிள்யூபிஎஃப் தேறிவிட்டதா?

மதுரை வட்டாரத்துக் கடைகளுக்கும் மண்டிகளுக்கும் மென்பொருள் எழுதித் தருகிறவர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒரே பொருளில் தொகுத்திருக்கிறோம். விண்டோஸ் கணினியில் ஓடும் வணிக மென்பொருளுக்குத் திரை அமைக்கப் பயன்படும் மைக்ரோசாஃப்ட்டின் டபிள்யூபிஎஃப்தான் (விண்டோஸ் பிரசென்டேஷன் ஃபவுண்டேஷன்) அந்தப் பொருள்.

கேள்வி: விபி6-இல் (விஷுவல் பேசிக் 6) எழுதிய பில்லிங் மென்பொருளை மாற்றி எழுத வேண்டிய கட்டம் வந்துவிட்டது. டபிள்யூபிஎஃப் எடுக்கலாம் என்றால், "அது பழைய சரக்கு, மைக்ரோசாஃப்ட்டே கைவிட்டுவிட்டது" என்கிறார்கள். 2008 வாக்கில் தொட்டுப் பார்த்தபோது எழுத்து மங்கலாக இருந்தது, அட்டவணைக்கு ஒரு கிரிட் கூட இல்லை. இப்போது எப்படி?
— மளிகை மொத்தக் கடைகளுக்கு மென்பொருள் செய்பவர், கீழமாசி வீதி, மதுரை

பதில்: அன்றைக்கு நீங்கள் பார்த்த குறைகள் உண்மையானவை. டபிள்யூபிஎஃப் 2006 நவம்பரில், மைக்ரோசாஃப்ட்டின் மென்பொருள் தளமான டாட்நெட்டின் 3.0 பதிப்புடன் வந்தது. படமும் அசைவும் காட்ட எல்லாம் இருந்தது. கணக்குப்பிள்ளைக்கு வேண்டிய, அட்டவணை காட்டும் டேட்டாகிரிட், தேதி எடுக்கும் டேட்பிக்கர் இரண்டும் இல்லை. வணிக மென்பொருள் எழுதுகிறவர்கள் அப்போது ஒதுங்கி நின்றதில் தப்பே இல்லை.

அதன் பிறகு படிப்படியாகச் சரிசெய்தார்கள். 2008-இல் வந்த டாட்நெட் 3.5 சர்வீஸ் பேக் 1 மென்பொருள் திறக்கும் நேரத்தைக் குறைத்தது. அதே ஆண்டு டேட்டாகிரிட் தனித் தொகுப்பாகக் கிடைத்தது. 2010 ஏப்ரலில் வந்த டாட்நெட் 4-இல் டேட்டாகிரிட்டும் டேட்பிக்கரும் உள்ளேயே வந்துவிட்டன, எழுத்து மங்கலுக்கும் வழி பிறந்தது. அதே ஆண்டில், நிரல் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டுடியோ 2010-இன் முகப்பையும் எடிட்டரையும் டபிள்யூபிஎஃப்பிலேயே எழுதி வெளியிட்டார்கள். நாள் முழுக்க எழுத்தைப் பார்த்து வேலை செய்கிறவர்களின் கருவியையே அதில் ஏற்றியதால், மங்கல் எழுத்தையும் மந்தத்தையும் சரிசெய்தே ஆக வேண்டியதாயிற்று. முதிர்ச்சி வந்த இடம் இதுதான் என்பது எங்கள் கணிப்பு. 2012-இல் 4.5, உள்ளீட்டுப் பிழைகளைக் காட்டப் புதிய ஏற்பாடும் நீண்ட பட்டியல்களுக்கு வேகமும் தந்தது. 2018 டிசம்பரில் மூல நிரல் திறந்த மூலமானது. 2019 செப்டம்பரில் டாட்நெட் கோர் 3.0-இல் சேர்ந்தது. 2024 நவம்பரில் டாட்நெட் 9, விண்டோஸ் 11 சாயலில் ஒரு தோற்றம் கொடுத்தது. கைவிட்ட பொருளுக்கு இவ்வளவு வேலை நடக்காது.

நடுவில் வந்தவற்றின் கதியையும் பாருங்கள். இணைய உலாவிக்குள் திரை காட்டிய சில்வர்லைட்டின் ஆதரவு 2021 அக்டோபரோடு முடிந்தது. மைக்ரோசாஃப்ட்டின் அடுத்த திரைக் கருவியான வின்யூஐ 3 புதியது, அழகானது; ஆனால் பில்லிங் திரைக்கு உயிரான டேட்டாகிரிட் அதனுடன் சேர்ந்து வருவதில்லை. லினக்ஸிலும் ஓட வேண்டும் என்றால் அவலோனியா என்ற திரைக் கருவியைப் பாருங்கள்; டபிள்யூபிஎஃப் தெரிந்தவருக்கு அது அந்நியமாக இருக்காது. விண்டோஸ் மட்டும் போதும், வேலை முழுக்க விசைப்பலகையில், திரையில் நிறைய கட்டங்கள் என்றால் டபிள்யூபிஎஃப் எடுங்கள் என்றே சொல்வோம். அதன் குறைகள் அனைத்தும் பலர் கண்டு, பலர் தீர்த்தவை. புதிய கருவியில் முதல் ஆளாகக் குழியில் விழுவதை விட இது மேல்.

மாற்றும்போது திரையிலிருந்து தொடங்காதீர்கள். பழைய மென்பொருளில் வரிக் கணக்கு, தள்ளுபடி, இருப்புக் கழிப்பு எல்லாம் பட்டன் கிளிக்கின் அடியில் கிடக்கும். முதலில் அதை எந்தத் திரையையும் தொடாத தனி வகுப்புகளாகப் பிரித்து எழுதி, பழைய பில்களின் எண்களைக் கொடுத்து அதே விடை வருகிறதா என்று சரிபாருங்கள். பிறகு அறிக்கைகள், அதன்பின் சரக்கு மற்றும் வாடிக்கையாளர் பதிவு, கடைசியாக பில்லிங் திரை. இரண்டும் ஒரே தரவுத்தளத்தில் சில வாரம் சேர்ந்து ஓடட்டும். தீபாவளிக்கு முந்தைய மாதத்திலும் மார்ச் கணக்கு முடிப்பிலும் எந்தக் கடையிலும் மாற்றம் வைக்க வேண்டாம்.

கேள்வி: கணினியில் வட்டார அமைப்பு இந்தியா என்றுதான் இருக்கிறது. ஆனாலும் என் திரையில் 12,34,567 என்பது 1,234,567 என்று வருகிறது. பண வடிவம் கொடுத்தால் ரூபாய்க் குறிக்குப் பதில் டாலர் குறி. தேதியும் சில சமயம் மாறிப் பதிவாகிறது, சில சமயம் சரியாக இருக்கிறது. வைரஸா?
— வரி ஆலோசகர் அலுவலகத்துக்கு மென்பொருள் எழுதுபவர், சிம்மக்கல்

பதில்: வைரஸ் இல்லை. டபிள்யூபிஎஃப்பில் ஒவ்வொரு திரை உறுப்புக்கும் லாங்குவேஜ் என்றொரு பண்பு உண்டு. அதன் இயல்பு மதிப்பு அமெரிக்க ஆங்கிலம். திரைக் கட்டத்தைத் தரவோடு இணைக்கும் பைண்டிங் வழியாக எண்ணையும் தேதியையும் எழுத்தாக்கும்போது விண்டோஸ் அமைப்பைக் கேட்காமல் இந்தப் பண்பையே கேட்கிறது. அதனால்தான் டாலரும், மூன்று மூன்றாகக் காற்புள்ளியும்.

இதில் ஆபத்து தேதி. எழுத்து அடிக்கும் கட்டமான டெக்ஸ்ட்பாக்ஸில் ஒருவர் ஏப்ரல் 3 என்று நினைத்து 03-04-2025 என அடித்தால் அது மார்ச் 4 ஆகிவிடும். எந்தச் சத்தமும் வராது. 13-04-2025 என்று அடித்தால் 13-ஆம் மாதம் கிடையாது என்பதால் கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு விழும். ஆக மாதத்தின் முதல் 12 நாள் தேதிகள் மௌனமாக மாறும், மீதி நாள்களில் பிழை காட்டும். டேட்பிக்கர் கட்டமோ விண்டோஸ் அமைப்பைப் பின்பற்றும். அதனால் ஒரு திரையில் சரி, இன்னொன்றில் தவறு. நீங்கள் சொன்ன "சில சமயம்" இதுதான்.

தீர்வு ஒரே இடத்தில். ஆப் வகுப்பின் ஆன்ஸ்டார்ட்அப்பில், முதல் ஜன்னல் உருவாகும் முன்பே, ஃபிரேம்வொர்க்எலிமென்ட் வகுப்பின் லாங்குவேஜ்ப்ராப்பர்ட்டிக்கு ஓவர்ரைட்மெட்டாடேட்டா அழைத்து, கல்ச்சர்இன்ஃபோவின் கரண்ட்கல்ச்சரில் உள்ள மொழிக் குறியீட்டைக் கொடுங்கள். டெக்ஸ்ட்பிளாக்குக்குள் ரன் பயன்படுத்தினால் அந்த வகைக்கும் தனியாக ஒருமுறை அழைக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இதற்கு மேலும் ஒன்று உண்டு. கடைக்காரர் கண்ட்ரோல் பேனலில் தேதி வடிவைத் தன் விருப்பத்துக்கு மாற்றியிருந்தால் அந்தத் தனி மாற்றம் இந்த வழியில் வராது. எனவே தேதிக் கட்டங்களில் நாள்–மாதம்–ஆண்டு வடிவை ஸ்ட்ரிங்ஃபார்மட்டில் நீங்களே எழுதிவிடுங்கள். கோப்புக்கோ வேறு மென்பொருளுக்கோ எண் அனுப்பும்போது மட்டும், எந்த நாட்டு வடிவையும் சாராத இன்வேரியன்ட்கல்ச்சர். லட்சக் காற்புள்ளி மனிதர் கண்ணுக்கு, கோப்புக்கு அல்ல.

ஏற்கெனவே பதிவான தேதிகளைப் பில் எண் வரிசையில் வைத்துப் பாருங்கள். வரிசைக்கு நடுவில் திடீரென முன்போ பின்போ தாவும் தேதிகள்தான் மாறிப் பதிவானவை.

கேள்வி: எடைக் கட்டத்தில் 10.250 கிராம் அடிக்க முடியவில்லை. புள்ளி வைத்தவுடன் மறைந்து 10250 ஆகிறது. தங்கம் விற்கும் கடையில் இது நடந்தால் என்ன ஆகும்!
— நகைக்கடை மென்பொருள் பராமரிப்பவர், தெற்காவணி மூல வீதி

பதில்: பைண்டிங்கில், கட்டத்தின் மதிப்பு எப்போது உள்ளே போக வேண்டும் என்று சொல்லும் அப்டேட்சோர்ஸ்ட்ரிக்கர் என்பதை ப்ராப்பர்ட்டிசேஞ்ச்டு என்று வைத்திருக்கிறீர்கள். அப்படி வைத்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் மதிப்பு உள்ளே போய்த் திரும்பி வரும். "10." உள்ளே போனால் 10 ஆகும், திரும்பி வரும்போது "10", புள்ளி போயிற்று. டாட்நெட் 4.5-லிருந்து இந்தக் குணம் உண்டு. மாறி டபுள் வகையாக இருந்தால் இன்னொன்றும் நடக்கும்: "10.0" என்பதும் 10 ஆகிவிடும், 10.05 அடிக்கவே முடியாது.

எண் கட்டங்களுக்கு இயல்பான லாஸ்ட்ஃபோகஸையே விடுங்கள். கட்டத்தை விட்டு வெளியேறும்போது மட்டும் மதிப்பு போகும். தட்டத் தட்டத் தொகை மாற வேண்டும் என்றால், ஆப் வகுப்பின் கன்ஸ்ட்ரக்டரில் ஃபிரேம்வொர்க்கம்பாட்டிபிலிட்டிப்ரிஃபரன்சஸ் வகுப்பிலுள்ள கீப்டெக்ஸ்ட்பாக்ஸ்டிஸ்ப்ளேசிங்க்ரனைஸ்டுவித்டெக்ஸ்ட்ப்ராப்பர்ட்டி என்ற நீண்ட பெயரை ஃபால்ஸ் ஆக்குங்கள். எந்த டெக்ஸ்ட்பாக்ஸும் உருவாகும் முன்பு இது நடக்க வேண்டும். எடைக்கு மாறியின் வகை டெசிமல், தரவுத்தளத்தில் மூன்று தசம இடம். அதோடு, அந்தக் கடையில் ஒரு உருப்படிக்கு வரக்கூடிய அதிகபட்ச எடையை வைத்து ஒரு சரிபார்ப்பும் போடுங்கள். 10,250 கிராம் சங்கிலி எதுவும் இல்லை என்று மென்பொருளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

கேள்வி: பில் அடிக்கிற பையன் மவுஸைத் தொடவே மாட்டான். எல்லாம் என்டர், எஃப்8. டபிள்யூபிஎஃப் கிரிட்டில் என்டர் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போகாமல் கீழ் வரிசைக்கு ஓடுகிறது. எஃப்8 தட்டிச் சேமித்தால் கடைசியாக அடித்த அளவு சேமிக்கப்படுவதில்லை. சில நேரம் "ரிஃப்ரெஷ் அனுமதி இல்லை" என்று பிழை காட்டி மூடிக்கொள்கிறது.
— ஹார்டுவேர் கடை மென்பொருள் எழுதுபவர், திருமங்கலம்

பதில்: மூன்று சிக்கல், மூன்றும் ஒரே குடும்பம். வாசகர்கள் எழுதியதிலேயே வணிக மென்பொருளுக்கு மிக முக்கியமான கேள்வி இது. கல்லாவில் ஆள் நிற்கும்போது ஒரு விசை கூடுதலாகத் தட்ட வைத்தால் அந்த மென்பொருள் நிலைக்காது.

முதலில் என்டர். டேட்டாகிரிட்டின் இயல்பு, என்டர் தட்டினால் வரிசையை முடித்துக் கீழே இறங்குவது. ப்ரிவ்யூகீடவுன் நிகழ்வைப் பிடித்து, விசை என்டர் என்றால் ஹேண்டில்டு என்று குறித்துவிடுங்கள். பிறகு கட்டத்தை கமிட்எடிட் செய்து (அடித்ததை உறுதிசெய்து), கரண்ட்செல்லை அடுத்த நெடுவரிசைக்கு மாற்றி, பிகின்எடிட் அழையுங்கள். கடைசி நெடுவரிசையில் இருந்தால் வரிசை முழுவதையும் கமிட் செய்து, புது வரிசையின் முதல் கட்டத்துக்குப் போங்கள். படிக்க மட்டுமான நெடுவரிசைகளைத் தாண்டிச் செல்ல மறவாதீர்கள். மதிப்பு, வரி ஆகிய கட்டங்களில் போய் நின்றால் பையன் எரிச்சலாவான். டெம்ப்ளேட் நெடுவரிசையாக இருந்தால் எடிட் நிலைக்குப் போனாலும் உள்ளிருக்கும் டெக்ஸ்ட்பாக்ஸுக்குக் கர்சர் போகாது. ப்ரிபேரிங்செல்ஃபார்எடிட் நிகழ்வில் அந்த டெக்ஸ்ட்பாக்ஸைத் தேடி ஃபோகஸ் கொடுத்து, செலக்ட்ஆல் அழைத்துவிடுங்கள்.

அடுத்தது எஃப்8. மேலே நகைக்கடைக்காரருக்குச் சொன்ன லாஸ்ட்ஃபோகஸின் மறுபக்கம் இது. விசை தட்டும்போது கர்சர் இன்னும் அதே கட்டத்தில்தான் நிற்கிறது. ஃபோகஸ் போகவில்லை, மதிப்பும் உள்ளே போகவில்லை. சேமிக்கும் கட்டளையின் முதல் வேலையாக கீபோர்டின் ஃபோகஸ்டுஎலிமென்ட் எது என்று பார்த்து, அது டெக்ஸ்ட்பாக்ஸ் என்றால் அதன் பைண்டிங் எக்ஸ்ப்ரஷனை எடுத்து அப்டேட்சோர்ஸ் அழையுங்கள். கிரிட்டுக்கு, கமிட்எடிட்டில் ரோ என்ற அலகைக் கொடுத்து அழைத்தால் கட்டமும் வரிசையும் சேர்ந்து முடியும். டூல்பாரில் உள்ள சேமி பட்டனை மவுஸால் அமுக்கினாலும் இதே தவறு வரும். டூல்பார் தனி ஃபோகஸ் வட்டாரம் என்பதால் பழைய கட்டம் ஃபோகஸ் போனதாகவே நினைக்காது. டூல்பாரின் இஸ்ஃபோகஸ்ஸ்கோப்பை ஃபால்ஸ் ஆக்கினால் சரியாகும்.

ரிஃப்ரெஷ் பிழை, ஒரு வரிசை எடிட்டில் இருக்கும்போதே பட்டியலை வரிசைப்படுத்தவோ வடிகட்டவோ முயல்வதால் வருகிறது. அதற்கும் மருந்து அதே கமிட்எடிட், ரிஃப்ரெஷுக்கு முன்னால். டேட்டாடேபிள் மேல் கிரிட் கட்டியிருந்தால், வரிசையை விட்டு வெளியேறும் வரை மதிப்பு டேபிளுக்குள் போகாது. அடியில் காட்டும் மொத்தம் ஒரு வரிசை பின்தங்கியே இருக்கும். ஒவ்வொரு பில் வரியையும், மதிப்பு மாறியதைத் திரைக்குத் தெரிவிக்கும் ஐநோட்டிஃபைப்ராப்பர்ட்டிசேஞ்ச்டு கொண்ட ஒரு வகுப்பாக எழுதி அப்சர்வபிள்கலெக்ஷனில் வைத்தால் இந்தத் தலைவலி போகும். அந்த வகுப்புக்கு அளபுரு இல்லாத கன்ஸ்ட்ரக்டர் வேண்டும். இல்லாவிட்டால் கிரிட்டின் அடியில் காலி வரிசையே வராது.

ஒரு கொசுறு: பார்கோடு ஸ்கேனர் விசைப்பலகை போலவே எழுத்தை அனுப்பி, பெரும்பாலும் முடிவில் ஒரு என்டரும் தட்டும். சேமி பட்டனுக்கு இஸ்டிஃபால்ட் வைத்திருந்தால் முதல் பொருளை ஸ்கேன் செய்தவுடன் பில் சேமிக்கப்பட்டுவிடும். பில்லிங் திரையில் எந்தப் பட்டனுக்கும் அந்தப் பண்பு வேண்டாம்.

கேள்வி: எழுத்து இன்னும் லேசாக மங்கலாகத்தான் தெரிகிறது.
— மேலூர் வாசகர்

பதில்: மேல்நிலை ஜன்னலில் டெக்ஸ்ட்ஃபார்மட்டிங்மோடை டிஸ்ப்ளே என்றும், யூஸ்லேஅவுட்ரவுண்டிங்கை ட்ரூ என்றும் வையுங்கள். கீழுள்ள எல்லாவற்றுக்கும் அது இறங்கும். உரைக்கு மேல் நிழல் விளைவு போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். நிழல் போட்ட பலகத்துக்குள் இருக்கும் எழுத்து முழுவதும் படமாக மாறிக் குழைந்துபோகும்.

கேள்வி: 25,000 உருப்படி உள்ள உதிரிபாகப் பட்டியல் திறக்க நிமிடக்கணக்கில் ஆகிறது. டபிள்யூபிஎஃப் தானாகவே கண்ணில் படும் வரிசைகளை மட்டும் உருவாக்கும் என்று படித்தேன்.
— மோட்டார் உதிரிபாகக் கடை மென்பொருள், அவனியாபுரம்

பதில்: உருவாக்கும், பட்டியலுக்கு இவ்வளவுதான் உயரம் என்று தெரிந்தால். நீங்கள் கிரிட்டை ஸ்டாக்பேனலுக்குள்ளோ, வெளியே ஒரு ஸ்க்ரோல்வியூவர் போட்டோ, ஆட்டோ உயர வரிசையிலோ வைத்திருப்பீர்கள். அங்கே உயரத்துக்கு எல்லை இல்லை; ஆகவே 25,000 வரிசையும் "கண்ணில் படுகிறது" என்று எண்ணி அத்தனையையும் உருவாக்குகிறது. நட்சத்திர அளவு கொண்ட வரிசையில் வைத்துப் பாருங்கள். விஷுவல் ஸ்டுடியோவின் லைவ் விஷுவல் ட்ரீயில் டேட்டாகிரிட்ரோ எத்தனை இருக்கிறது என்று எண்ணினால் உடனே புரியும். திரையில் முப்பது தெரிந்தால் அங்கேயும் அதையொட்டித்தான் இருக்க வேண்டும்.

அதுவும் சரியாக இருந்தால், வகைவாரியாகக் குரூப் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். குரூப் செய்தால் இந்த வசதி நின்றுவிடும். இஸ்வர்ச்சுவலைசிங்வென்குரூப்பிங் என்பதை ட்ரூ ஆக்க வேண்டும். காம்போபாக்ஸுக்கு இந்த வசதி இயல்பில் கிடையாது. அதன் ஐட்டம்ஸ்பேனலில் வர்ச்சுவலைசிங்ஸ்டாக்பேனலை நீங்கள்தான் வைக்க வேண்டும். உண்மையில் 25,000 பொருளைக் காம்போபாக்ஸில் காட்டுவதே சரியில்லை. தேடும் பெட்டி ஒன்று வைத்து, பைண்டிங்கில் டிலே 300 கொடுங்கள். தட்டுவதை நிறுத்தி 300 மில்லி விநாடி கழித்துத் தேடும், ஒவ்வொரு எழுத்துக்கும் தேடாது.

கேள்வி: பூ மார்க்கெட்டில் மின்னணுத் தராசிலிருந்து எடையை நேராகத் திரைக்கு எடுக்கிறோம். சில நேரம் 12.450 கிலோ 2.450 என்று வருகிறது. ஜன்னலை மூடும்போது மென்பொருள் உறைந்து நிற்கிறது.
— மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கமிஷன் கடைகளுக்கு மென்பொருள் செய்பவர்

பதில்: மல்லிகை வரத்து குவியும் அதிகாலையில் இந்தத் தவறு நடந்தால் நஷ்டம் பூ கொண்டுவந்த விவசாயிக்கு. ஆகவே இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தராசு சீரியல் கம்பியில் எழுத்து எழுத்தாக அனுப்புகிறது. டேட்டாரிசீவ்டு நிகழ்வு ஒரு முழு எடைக்கு ஒருமுறை வராது, எப்போது வேண்டுமானாலும் வரும். ரீட்எக்ஸிஸ்டிங்கில் கிடைத்ததை அப்படியே எடையாக எடுத்தால் "1" முந்தைய துண்டிலும் "2.450" அடுத்த துண்டிலும் பிரிந்துபோகும். வருவதையெல்லாம் ஒரு ஸ்ட்ரிங்பில்டரில் சேர்த்துக்கொண்டே போங்கள்; வரி முடிவுக் குறி வந்தபின் அதுவரை உள்ளதை வெட்டி எடுத்து, நீளம் சரியா என்று பார்த்து எடையாக்குங்கள். மென்பொருள் தொடங்கியபின் வரும் முதல் வரி பாதியில் ஆரம்பித்திருக்கும், அதை எறிந்துவிடுங்கள். சில தராசுகள் எடை நிலையாகிவிட்டதா, ஆடுகிறதா என்பதற்கும் ஓர் அடையாளம் அனுப்பும். கையேட்டில் இருந்தால் நிலையான எடையை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். அடையாளம் இல்லாத தராசு என்றால், தொடர்ந்து சில முறை ஒரே எண் வந்தபின் ஏற்றுக்கொள்வது நல்லது.

உறைவதற்குக் காரணம் வேறு. அந்த நிகழ்வு திரையின் த்ரெட்டில் (திரையைக் கவனிக்கும் தனி வேலை ஓட்டத்தில்) வருவதில்லை. நீங்கள் டிஸ்பேட்சரின் இன்வோக் வழியாகத் திரைக்கு எழுதுகிறீர்கள். இன்வோக், திரை பதில் சொல்லும் வரை காத்திருக்கும். அதே நேரம் ஜன்னலை மூடும் திரைத் த்ரெட், போர்ட்டின் க்ளோஸ் முடியக் காத்திருக்கும். க்ளோஸோ அந்த நிகழ்வு முடியக் காத்திருக்கும். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இன்வோக்குக்குப் பதில் பிகின்இன்வோக் என்று மாற்றுங்கள், போதும்.

யூஎஸ்பி மாற்றிக் கம்பியை வேறு துளையில் செருகினால் காம் எண் மாறலாம். எண்ணை நிரலில் எழுதாமல், கெட்போர்ட்நேம்ஸ் தரும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி அமைப்புத் திரையில் வையுங்கள். புதிய டாட்நெட்டில் சீரியல் போர்ட் வகுப்பு, நியூகெட் வழியாகத் தனியாகச் சேர்க்க வேண்டிய தொகுப்பு என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: 80 மி.மீ. தெர்மல் பிரிண்டரில் தமிழில் பில் வேண்டும். பழைய மென்பொருளில் பாமினி எழுத்துருவில் அடித்த பொருள் பெயர்களை என்ன செய்வது?
— சோழவந்தான் வாசகர்

பதில்: பிரிண்டருக்கு நேராக எழுத்தை அனுப்பினால் தமிழ் வராது, அதற்குள் இருக்கும் எழுத்துக் கூட்டத்தில் பெரும்பாலும் தமிழ் இருப்பதில்லை. டிரைவர் வழியாகப் படமாகத்தான் அனுப்ப வேண்டும், டபிள்யூபிஎஃப் அதைச் சுலபமாகச் செய்யும். 80 மி.மீ. தாளில் அச்சாகும் அகலம் 72 மி.மீ., அதாவது 203 டிபிஐ தலையில் 576 புள்ளிகள். டபிள்யூபிஎஃப்பின் அலகு அங்குலத்தில் 96-இல் ஒரு பங்கு. ஆகவே பில்லின் அகலம் 272 அலகு. பில்லை ஒரு கிரிட்டாக அமைத்து, அகலம் 272, உயரம் எல்லையில்லை என்று மெஷர் செய்து, கிடைத்த உயரத்தை வைத்து அரேஞ்ச் செய்து, பின் பிரிண்ட்விஷுவல் அழையுங்கள். திரையில் காட்டாத உறுப்புக்கு மெஷரும் அரேஞ்சும் விட்டுப்போனால் வெற்றுத்தாள்தான் வரும். எழுத்துரு விண்டோஸ் 8 முதல் உடன்வரும் நிர்மலா யூஐ, அளவு 12 அலகுக்குக் குறையாமல். அதைவிடச் சிறிதானால் உகரக் குறிகள் ஒட்டிக்கொள்ளும். நீண்ட பில் பாதியில் வெட்டுப்பட்டால், டிரைவரில் குறித்த தாள் நீளம் போதவில்லை என்று பொருள். பிரிண்ட்விஷுவல் தானாகப் பக்கம் பிரிக்காது.

பாமினித் தரவை ஒரேயடியாக யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். எழுத்துருவைக் கூடவே இழுத்துக்கொண்டு போனால் தேடலும் அகர வரிசையும் ஒருநாளும் சரிவராது. மாற்றியபின் "கொத்தமல்லி" தேடினால் சில வரிகள் மட்டும் கிடைக்காமல் போகும். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு–கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் நார்மலைஸ் அழைத்து சி வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். எஸ்கியூஎல் சர்வரில் நெடுவரிசை என்வார்ச்சராக இருக்கட்டும். இல்லாவிட்டால் தமிழ் முழுக்க கேள்விக்குறியாகச் சேமிக்கப்படும், திரும்ப எடுக்கவே முடியாது.

கேள்வி: பல கடைகளில் இன்னும் விண்டோஸ் 7, 4 ஜிபி ராம். அதில் ஓடுமா?
— உசிலம்பட்டி வாசகர்

பதில்: டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8-இல் கட்டினால் ஓடும். டாட்நெட் 8, 10 ஆகியவை விண்டோஸ் 7-க்கு உரியவை அல்ல. அலோஸ்ட்ரான்ஸ்பரன்சி வைத்த ஜன்னல்கள், நிழல், மங்கல் விளைவுகள் மூன்றையும் தவிருங்கள். திரை கறுத்துப் போவதோ கட்டங்கள் சிதறுவதோ நடந்தால் பழைய கிராஃபிக்ஸ் டிரைவர்தான் காரணமாக இருக்கும். ப்ராசஸ்ரெண்டர்மோடை சாஃப்ட்வேர்ஒன்லி ஆக்கிப் பாருங்கள், பில்லிங் திரைக்கு அந்த வேகம் போதும். ஆனால் விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. வாடிக்கையாளர் கணக்கும் ஜிஎஸ்டி கடவுச்சொல்லும் இருக்கும் கணினி அது என்பதைக் கடைக்காரருக்கு எடுத்துச் சொல்லுங்கள். புது இயந்திரம் வாங்கியவர்களுக்கு டாட்நெட் 10 கொடுங்கள். 2025 நவம்பரில் வந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பு, மூன்று ஆண்டு தாங்கும்.

கேள்வி: பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். டபிள்யூபிஎஃப் கற்க எதிலிருந்து தொடங்க வேண்டும்?
— மாணவி, திருப்பரங்குன்றம்

பதில்: அசைவும் அலங்காரமும் காட்டும் பாடங்களைத் தள்ளிவையுங்கள். சி ஷார்ப் தெரிந்திருந்தால் கிரிட், டாக்பேனல் என்ற இரண்டு அடுக்குமுறை, பிறகு பைண்டிங், பிறகு கமாண்ட். இவற்றைக் கையால் எழுதிப் பழகியபின் கம்யூனிட்டி டூல்கிட்டின் எம்விவிஎம் (திரையையும் தரவையும் பிரித்து எழுதும் முறை) தொகுப்பை எடுங்கள்; திரும்பத் திரும்ப எழுதும் நிரலை அதுவே உருவாக்கித் தரும். முதலிலேயே அதை எடுத்தால் உள்ளே நடப்பது புரியாது. பைண்டிங்கில் பெயரைத் தப்பாக எழுதினால் மென்பொருள் நிற்காது, கட்டம் மட்டும் காலியாக இருக்கும். விஷுவல் ஸ்டுடியோவில் பைண்டிங் தோல்விகளுக்கென்று ஒரு ஜன்னல் உண்டு. எழுதும் நேரமெல்லாம் அது திறந்தே இருக்கட்டும். கம்யூனிட்டி பதிப்பு தனிநபர்களுக்கு இலவசம்.

கேள்வி: பில் மொத்தத்தை ரூபாய்க்கு முழுமையாக்கும்போது சில பில்களில் மட்டும் ஒரு ரூபாய் குறைகிறது. ஆடிட்டர் கேட்கிறார்.
— நகைக்கடை மென்பொருள் எழுதுபவர், மதுரை

பதில்: 48,350 ரூபாய் நகைக்கு 1.5 சதவீதம் மத்திய வரி 725.25, அதே அளவு மாநில வரி. மொத்தம் 49,800.50. மேத் ராவுண்டிடம் கொடுத்தால் 49,800 என்று சொல்லும். சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளுவது அதன் இயல்பு. 49,801.50 கொடுத்தால் 49,802 வரும். அதனால்தான் "சில பில்களில் மட்டும்". ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவு, வரித்தொகையில் 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாக உயர்த்தச் சொல்கிறது. பில் மொத்தத்துக்கும் கடைகள் அதே வழக்கத்தைத்தான் பின்பற்றுகின்றன. மிட்பாயின்ட்ரவுண்டிங்கில் அவேஃப்ரம்சீரோ என்று கொடுங்கள். திரும்பப் பெறும் பில்லில் தொகை எதிர்மறையாக இருந்தாலும் அதே எண்ணுக்கே முழுமையாகும், விற்ற பில்லும் திரும்பிய பில்லும் நேர் ஆகும். பணத்துக்கு டபுள் வகை எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று நிரல் முழுவதும் தேடி டெசிமலாக மாற்றுங்கள். முழுமையாக்கிய வித்தியாசத்தைப் பில்லில் தனி வரியாகக் காட்டிவிட்டால் ஆடிட்டர் அடுத்த முறை கேட்க மாட்டார்.